நெடுக்கே சாலை, குறுக்கே தண்ணீர்

பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரையுள்ள 87-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை நான்கு வழிச் சாலையாக விரிவுபடுத்த மத்திய அமைச்சரவை 2025 ஜூலை 1 அன்று ஒப்புதல் வழங்கியது. நீளம் 46.7 கிலோமீட்டர், மதிப்பீடு 1,853 கோடி ரூபாய். மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்கு வழி வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்குக் கிழக்கே ராமேசுவரம் போகும் யாத்திரிகர்களின் வேன்களும், மண்டபத்திலிருந்தும் பாம்பனிலிருந்தும் மீன் ஏற்றி வரும் லாரிகளும், பள்ளிப் பேருந்துகளும், அறுவடைக் காலத்து டிராக்டர்களும் இருவழிச் சாலையில் முட்டி மோதிக்கொண்டிருப்பதை நாள்தோறும் பார்க்கிறவன் நான். விபத்தில் அடிபட்டவரை மதுரைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இழந்த குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. ஆகவே சாலை வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. சாலையின் குறுக்கே போகிற தண்ணீரை என்ன செய்யப்போகிறார்கள் என்ற ஒரு கேள்விக்காகவே எழுதுகிறேன். வைகையின் கடைமடையில் நெல்லும் மிளகாயும் ஆடும், கடலோரத்தில் நண்டும் இறாலும், அண்மைக் காலமாக மெல்லத் தலையெடுத்திருக்கும் சுற்றுலாவும் அந்தத் தண்ணீரை நம்பியே இருக்கின்றன.

வெளியூர் நண்பர்களுக்கு இந்த நிலத்தின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். வருசநாட்டு மலையில் பிறந்து ஏறத்தாழ 258 கிலோமீட்டர் ஓடிவரும் வைகை, மற்ற ஆறுகளைப் போல நேரே கடலில் போய்ச் சேர்வதில்லை. பார்த்திபனூர் மதகணையில் இடது, வலது பிரதானக் கால்வாய்களாகப் பிரிந்து, வழிநெடுகக் கண்மாய்களை நிரப்பி, எஞ்சிய தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து அடங்குகிறது. நல்ல மழை பெய்த ஆண்டில் மட்டுமே மிகுநீர் ஆற்றங்கரை முகத்துவாரம் வழியாகப் பாக் விரிகுடாவை அடைகிறது. நிலம் இங்கே அவ்வளவு மெல்லிய சரிவு கொண்டது என்பதால், ஓர் அடி மண்மேடு எழுந்தாலே தண்ணீர் திசை மாறிவிடும். மேல் கண்மாயின் மிகுநீர் வெளியேறும் கலுங்கில் வழிவது கீழ்க் கண்மாயின் வரத்து. அதன் கலுங்கில் வழிவது அதற்கும் கீழே இருப்பதன் வரத்து. சேதுபதிகள் காலத்திலும் அதற்கு முன்பும் வெட்டப்பட்ட இந்தக் கண்மாய்கள்தான், ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத ஒரு மாவட்டத்தில் மனிதர்கள் குடியிருந்து வேளாண்மை செய்வதைச் சாத்தியமாக்கியிருக்கின்றன.

ராமநாதபுரம் நோக்கிச் செல்லும் சாலை ஆற்றோடு ஏறத்தாழ இணையாக நெடுக்கே போகிறது. கால்வாய்களும் வரத்துக்கால்களும் ஓடைகளும் அதைக் குறுக்கே கடக்கின்றன. வாகனத்தில் போகிறவர்களுக்கு அவை வேலிக்கருவை மண்டிய வெறும் பள்ளங்களாகவே தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்கள் மட்டும் ஓடுகிற வாய்க்காலை வைகாசி வெயிலில் அளவெடுக்க வருகிற ஒருவர் பார்த்தால், அங்கே ஒரு பாலம் தேவை என்றே அவருக்குத் தோன்றாது. அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஊர்க்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு போயிருந்தால் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஓர் இணைப்புச் சாலையை உயர்த்திப் போட்டார்கள். வரத்துக்காலின் மேல் பழைய கல்பாலம் ஒன்று இருந்தது. மூன்று கண் கொண்ட அந்தப் பாலத்தின் அடியில் ஆடு மேய்ப்பவர்கள் மழைக்கு ஒதுங்கி நிற்பார்கள். அதை இடித்துவிட்டு இரண்டு சிமெண்டுக் குழாய்களைப் பதித்தார்கள். ஏட்டுக் கணக்கில் அவை போதுமானவையாக இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் வரத்துக்காலில் வெறும் தண்ணீர் வருவதில்லை. முதல் தண்ணீர் கருவை முள்ளையும், நெய்வேலிக் காட்டாமணக்குத் தண்டுகளையும், பனைமட்டைகளையும், இப்போதெல்லாம் பிளாஸ்டிக் பைகளையும் உருட்டிக்கொண்டே வரும். பழைய பாலத்தில் அவை கண்ணுக்குள் புகுந்து மறுபக்கம் போய்விடும். குழாயின் வாயிலோ முதலில் ஒரு முள்கிளை குறுக்கே சிக்கும். அதன்மேல் தண்டுகள் படியும். அவற்றின்மேல் பைகள் ஒட்டிக்கொள்ளும். சிறிது நேரத்தில் குழாய் அடைத்துவிடும்.

வைகைப் பாசனத்தில் மூன்றாம் பகுதியாகிய எங்களுக்குத் திறந்துவிடும் தண்ணீர் சில நாட்களே வரும். அந்த நாட்களின் இரவுகளில் அரிவாளும் கடப்பாரையும் டார்ச் விளக்குமாக ஆட்கள் அந்தக் குழாய் வாயிலேயே நிற்க வேண்டியதாயிற்று. எங்கள் கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டுவிடும் நீர்பாய்ச்சியான சித்தப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "பழைய பாலமா இருந்தா ஆளு உள்ள போயி இழுத்துப் போட்டுட்டு வந்துருவோம்ப்பா. இதுக்குள்ள நாய்கூட நுழையாது. நடுவுல அடைச்சுக்கிட்டா எப்புடி எடுக்குறது?" என்று கேட்டார். நான்கு வழிச் சாலைக்கு வரைபடம் போடுகிறவர்கள் முதலில் விடை சொல்ல வேண்டிய கேள்வி இதுதான் என்று நான் நினைக்கிறேன். இருவழிச் சாலையின் அகலத்துக்கே கழியை விட்டு எட்ட முடியவில்லை. நான்கு வழியும் அதன் இருபுறமும் அணுகு சாலையும் வந்தால், அந்தக் குழாய் இருளுக்குள் இன்னும் எத்தனை மீட்டர் நீளும்?

அந்த ஆண்டு சாலைக்கு மேல்புறத்து மிளகாய்க் கொல்லைகளில் தண்ணீர் தேங்கி நின்றது. கீழ்ப்புறத்துக் கண்மாய் பாதிகூட நிறையவில்லை. நெல் பால் பிடிக்கும் நேரத்தில் கடைசித் தண்ணீர் கிடைக்காமல் போயிற்று. ஒரே மழையில் மேல்புறத்தாருக்கு அழுகல், கீழ்ப்புறத்தாருக்கு மணி பிடிக்காத சாவி நெல். சாலையை வெட்டிவிட்டால் என்ன என்று ஒரு ஊரார் இரவில் கூடிப் பேச, அதைக் கேள்விப்பட்ட மறு ஊரார் காவல் போட, கொள்வினை கொடுப்பினை உள்ள இரண்டு ஊர்களும் தை வரை முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. சாலையால் ஏற்படும் நட்டத்தைக் கணக்கிடும் எந்த அறிக்கையிலும் இதற்கு ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்லை.

முண்டு மிளகாயைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். குட்டையாக, உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும் எங்கள் மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பி விதைத்து, தையிலிருந்து சித்திரை வரை பழம் எடுக்கிறோம். வறட்சியைத் தாங்குகிற இந்தச் செடி தேக்கத்தைத் தாங்காது. வேர் மூச்சுவிட முடியாமல் இரண்டு மூன்று நாட்களிலேயே இலை தொங்கி, பிறகு எத்தனை வெயில் அடித்தாலும் நிமிராது. பழம் எடுத்த பின்னும் ஆபத்து தீர்வதில்லை. களத்தில் பரப்பிக் காயவைக்கும் நாட்களில், ஈரம் வற்றாத தோலின்மேல் சாலை வேலையின் செம்மண் புழுதி படிந்தால் அது கழுவினாலும் போகாது. கழுவினால் பூசணம் பிடிக்கும். எட்டிவயல் வணிக வளாகத்துக்குக் கொண்டுபோனாலும், பரமக்குடிக் கடைக்குக் கொண்டுபோனாலும், வியாபாரி ஒரு பழத்தை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார். தை முதல் சித்திரை வரையாவது களங்களை ஒட்டிய பகுதிகளில் மண் கொட்டும் வேலையை நிறுத்தி வைக்கலாம். முடியாவிட்டால் நாள் முழுவதும் தண்ணீர் தெளிக்கலாம். பெரிய செலவு பிடிக்கும் ஏற்பாடு எதுவும் இதில் இல்லை.

நிலம் கொடுப்பவருக்கு இழப்பீடு உண்டு. 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி எடுக்கப்படும் நிலங்களுக்கும், 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு விதிகள் 2015 தொடக்கத்திலிருந்து பொருந்துகின்றன. அதனால் தொகை முன்பைவிடக் கூடியிருக்கிறது; அதில் எனக்கு மகிழ்ச்சியே. புதிதாக ஒரு புறவழிச் சாலை 60 மீட்டர் அகலத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 ஏக்கர் போகும். அந்த 15 ஏக்கருக்கு உரியவரின் பெயர் பட்டியலில் வரும். வரத்து அறுந்துபோன கண்மாயின் பாசனப் பரப்பான ஆயக்கட்டில் சாலைக்குச் சற்றும் தொடர்பில்லாத தூரத்தில் நிலம் வைத்திருப்பவரின் பெயர் அதில் வராது. விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு உழுகிறவர், களை வெட்டும் பெண்கள், மாசி வெயிலில் குனிந்து பழம் எடுத்து அன்றன்றைக்குக் கூலி வாங்கும் பெண்கள் ஆகியோரின் பெயர்களும் வராது. கண்மாய் நிறையாத ஆண்டில் முதலில் வேலை தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் பேருந்து ஏறுகிறவர்கள் இவர்கள்தான்.

மண் எங்கிருந்து வரும் என்பது அடுத்த கவலை. மேலே 25 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு சாலைக் கரைக்கு, பக்கச் சரிவையும் சேர்த்துக் கணக்கிட்டால், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 58,000 கனமீட்டர் மண் வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தோண்டினால் 14 ஏக்கர் பரப்பு காலியாகும். இது என் கைக்கணக்குதான். பழைய சாலையின் கரை இருக்கும் இடங்களில் இதைவிடக் குறையும். கண்மாயில் கரம்பை எடுப்பதை எந்த விவசாயியும் எதிர்க்கமாட்டார். வண்டல் வயலுக்கு எரு, கண்மாய்க்கு ஆழம். ஆனால் சாலைக்கு மண் எடுக்கும் இயந்திரங்கள் கண்மாயின் உட்பரப்பு முழுவதும் சீராக ஓரடி எடுப்பதில்லை. லாரி வந்து திரும்ப வசதியான இடத்தில், கரைக்குப் பக்கத்தில், கிணறு போலத் தோண்டிவிடுகின்றன. அந்தக் குழி மடையின் தளத்துக்குக் கீழே போய்விடுவதால் அதில் நிற்கும் தண்ணீர் ஒருநாளும் வயலுக்குப் பாயாது. கடலோரக் கண்மாய்களில் களிமண் படுகையைத் தாண்டித் தோண்டினால் அடியில் மணல் தட்டும். பிறகு தேங்கிய தண்ணீர் இறங்கிவிடும், இருப்பதும் உவர்க்கும். சாலை போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்கு மண் எடுக்கச் சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவையில்லை என்று 2020-இல் மத்திய அரசு விலக்கு அளித்திருந்தது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. 2025 மார்ச்சில் நிபந்தனைகளோடு புதிய விலக்கு ஒன்று வந்திருந்தாலும், ஊராட்சித் தலைவர்கள் கையில் வைத்திருக்க வேண்டிய தீர்ப்பு அது.

ஆட்டுக்கிடை போடும் கீதாரிகளையும் விட்டுவிட முடியாது. அறுவடை முடிந்த வயல்களில் கிடை அமர்த்தி, ஊர் ஊராக நடந்து போகும் அவர்களுக்கு நடுத்தடுப்பு வைத்த நான்கு வழிச் சாலை ஒரு கோட்டைச் சுவர். நூற்றுக்கணக்கான ஆடுகளோடு அதைக் கடக்க ஒரே வழி, உயரமான பாலத்தின் அடியில் போவதுதான். தண்ணீருக்காகப் பெரிய கண் வைத்துப் பாலம் கட்டினால், மழை இல்லாத மாதங்களில் ஆடும் மாடும் வயலுக்குப் போகும் பெண்களும் அதே வழியில் கடந்துகொள்வார்கள்.

சுற்றுலாவுக்கு வருகிறேன். நான்கு வழி வந்தால் சுற்றுலா பெருகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ராமேசுவரத்துக்குப் பெருகும். வழியில் உள்ள ஊர்களுக்குப் பெருகுமா என்பது வேறு. இந்த மாவட்டத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் 2022-லும், சக்கரக்கோட்டை, தேர்தங்கல் சரணாலயங்கள் 2025-லும், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. இவை நான்கும் கண்மாய்கள். தண்ணீர் நிறைந்த ஆண்டில் நீரில் நிற்கும் கருவேல மரங்களில் நாரையும் கொக்கும் அரிவாள் மூக்கனும் கூடு கட்டும். நிறையாத ஆண்டில் பறவையும் இல்லை, பார்க்க வருகிறவரும் இல்லை. சரணாலயம் என்ற தகுதி அதன் எல்லைக்குள் மரம் வெட்டாமல் காக்கும். எல்லைக்கு வெளியே பல கிலோமீட்டர் தள்ளிச் சாலையைக் கடந்து வருகிற வரத்துக்காலை யார் காப்பது?

ஆறு கடலைத் தொடும் இடத்தில் இன்னும் கூர்மையாக இது தெரியும். வைகை முகத்துவாரத்தை ஒட்டிய அழகன்குளத்தில் தொல்லியல் துறை அகழாய்வுகளில் ரோமானிய நாணயங்களும் மதுச்சாடித் துண்டுகளும் கிடைத்தன. பாண்டிய நாட்டின் கடல் வணிகம் இந்த ஆற்று வாயில் நடந்திருக்கிறது. பக்கத்திலேயே அரியமான் கடற்கரை. இரண்டுக்கும் ராமேசுவரம் வண்டிகளில் நூற்றில் ஒன்றுகூட இப்போது திரும்புவதில்லை என்பது என் எண்ணம். வேகமான சாலையில் அந்த ஒன்றும் திரும்புவது கடினம். இறங்கு வழிகளையும் பெயர்ப்பலகைகளையும் இப்போதே கேட்டு வாங்கினால் ஒழிய.

கோட்டைக்கரை ஆறு கடலில் சேரும் காரங்காட்டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே உள்ள இந்த மீனவ ஊரில், வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து 2017 முதல் அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சுற்றுலா நடத்துகிறார்கள். படகு ஓட்டுகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள். நண்டும் இறாலும் சமைத்துப் பரிமாறுகிறவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். உறவினர் யார் வந்தாலும் நான் அங்கே அழைத்துப் போவேன். சேற்றிலிருந்து பென்சில்களைச் செருகியது போல மேல்நோக்கி நிற்கும் மூச்சுவேர்களுக்கு நடுவே படகு நுழையும்போது, துடுப்பை நிறுத்திவிட்டு ஓட்டுநர் மரத்தடியைக் காட்டுவார். சின்ன நண்டுகள் வளைக்குள் மறைவது தெரியும். மழைக்காலம் முடிந்து ஒருமுறை நாங்கள் போனபோது தண்ணீர் கலங்கலாக இருந்தது. கையில் அள்ளி நாவில் வைத்தால் உப்பு குறைந்திருந்தது. "மேத்தண்ணி வந்து முகத்துவாரத்த அறுத்து விட்டாத்தாண்ணே உள்ள எறா ஏறும்" என்றார் படகு ஓட்டிய தம்பி. கடலில் பிறக்கும் இறால் குஞ்சு கழிமுகத்துக்குள் வந்து வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகிறது. மழைக்காலத்து நன்னீர் வந்து மணல்திட்டை உடைக்காத ஆண்டில் முகத்துவாரம் தூர்ந்து, உள்ளே உப்பு ஏறி, அலையாத்தியின் இளங்கன்றுகள் தங்குவதில்லை. பார்வையாளர்களை ஏற்றும் படகும் சேற்றில் தரை தட்டும்.

அந்த நன்னீர் மேலே உள்ள கண்மாய்களிலிருந்து வருவது. "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று பெயர் பெற்ற ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாய் இருப்பதும் கோட்டைக்கரை ஆற்றுப் படுகையில்தான். அவ்வளவு தண்ணீரும் கடலுக்குப் போக வேண்டுமானால் கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்தே ஆகவேண்டும். அந்தச் சாலையையும் அகலப்படுத்தும் பேச்சு அவ்வப்போது எழுகிறது. புதுப் பாலம் கட்டும்போது வேலைக்காக ஆற்றுக்குள் தற்காலிக மண்கரை போடுவார்கள். பாலம் திறந்த பிறகு அதை முழுவதுமாக அள்ளிக்கொண்டு போகிறவர்கள் குறைவு. பாதி அள்ளிய கரையில் அடுத்த கோடைக்குள் வேலிக்கருவை முளைத்துவிடும். அதன்பின் அது ஆறா மேடா என்று யாருக்கும் தெரியாது.

இத்தனைக்கும் நடுவில் மழையின் போக்கும் மாறிவருகிறது. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஆண்டு முழுவதற்கும் சுமார் 80 சென்டிமீட்டர் பெறுகிற மாவட்டத்தில், அதில் பாதி ஒரு நாளில். இனிக் கட்டும் பாலங்களின் கண் அளவை அந்த நாளை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் சொல்ல ஒரு மேடை வேண்டுமே என்றால், சட்டப்படி அது கட்டாயமில்லை. 2013-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஏற்கெனவே உள்ள தேசிய நெடுஞ்சாலையை விரிவாக்கும்போது, நீளம் 100 கிலோமீட்டரைத் தாண்டி, கூடுதலாக எடுக்கும் நிலத்தின் அகலமும் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால்தான் சுற்றுச்சூழல் முன் அனுமதியும், அதன் பகுதியான பொதுமக்கள் கருத்துக்கேட்பும் தேவை. நம்முடையது 46.7 கிலோமீட்டர். மிஞ்சுவது இரண்டு வழிகள். நிலம் எடுப்பு அறிவிக்கை வந்த 21 நாட்களுக்குள், நிலத்தில் உரிமை உள்ளவர்கள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம்; அதில் இழப்பீட்டைப் பற்றி மட்டும் எழுதாமல், அந்தப் புல எண்ணைக் கடக்கும் வாய்க்காலைப் பற்றியும் எழுத வேண்டும். மற்றது கிராம சபை. மார்ச் 22, தண்ணீர் நாளன்று கூடும் சபையைவிட இதற்குப் பொருத்தமான நாள் இல்லை.

கலப்பு ஆண்டுத்தொகை முறையில் இந்தச் சாலை கட்டப்படுகிறது. கட்டும்போது செலவில் ஒரு பகுதியை அரசு தரும். மீதியை ஒப்பந்ததாரர் போட்டு, பிறகு தவணைகளாகப் பெறுவார். அந்தக் காலம் முழுவதும், பொதுவாக 15 ஆண்டுகள், பராமரிப்பு அவர் பொறுப்பு. ஆண்டுதோறும் ஆவணி முடிவதற்குள் எல்லாப் பாலக் கண்களையும் தூர்வாரி, அந்தந்த ஊர் நீர்பாய்ச்சியின் கையெழுத்துப் பெற வேண்டும் என்ற ஒரு நிபந்தனை ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டால், எங்கள் ஆட்கள் இரவில் குழாய் வாயில் நிற்க வேண்டியிருக்காது. குழாய்க்குப் பதில் ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் பெட்டிப் பாலம் என்பதும் அதோடு சேர்ந்த கோரிக்கை.

எங்கள் ஊரில் சித்தப்பாவும் வேறு சில பெரியவர்களும் சேர்ந்து சாலையை நடந்தே பார்த்து ஒரு பட்டியல் தயாரித்திருக்கிறோம். கடக்கும் இடத்தின் புல எண், கால்வாயின் பெயர், எந்தக் கண்மாயிலிருந்து எந்தக் கண்மாய்க்குப் போகிறது, கார்த்திகையில் தண்ணீர் எந்த உயரம் வரை ஏறும், இப்போதுள்ள கண்ணின் அகலம் ஆகியவற்றை ஒவ்வொன்றுக்கும் குறித்து, தண்ணீர் ஓடும்போது எடுத்த படத்தையும் இணைத்திருக்கிறோம். சத்திரக்குடிப் பக்கத்து நண்பர்களும், கடற்கரைச் சாலை ஓரத்து ஊர்க்காரர்களும் தங்கள் ஊருக்கு இதே போல ஒன்று தயாரித்தால், எல்லாவற்றையும் சேர்த்து மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கலாம். ஒன்றை மட்டும் முதலில் செய்யுங்கள்: வரத்துக்கால் பட்டா நிலத்தின் ஊடே ஓடும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். புறம்போக்காகப் பதிவாகாத அந்தத் துண்டுகள் புலப்படத்தில் இருக்காது. அளவெடுக்க வருகிறவர் கையில் இருப்பது அந்தப் புலப்படம் மட்டும்தான்.